தோள் இளைக்காது

மஞ்சள் கவுன் இன்றைக்கும் லூசாகத் தொங்கியது.

"கையை நீட்டு, வாலு" என்றாள் அம்மா. அளவு என்றாலே கூசிச் சிரிக்கும் ஆறு வயது மகள் இன்று சிரிக்காமல் இரண்டு கைகளையும் நீட்டி நின்றாள். மார்பில் இரண்டு அங்குலம் குறைவு. இருக்கட்டும், நான்கு நாள் காய்ச்சல். ஆனால் தோள் நேற்று பத்தரை இருந்தது. இன்று ஒன்பதே முக்கால். டேப்பை உதறிவிட்டு மறுபடி அளந்தாள். ஒன்பதே முக்கால்தான்.

"காய்ச்சல் வந்த உடம்பு, இளைக்காதா?" என்றார் கணவர், செருப்பை மாட்டிக்கொண்டே.

"சதை இளைக்கும். தோள் எப்படிங்க இளைக்கும்? அது எலும்பு."

"நாலு நாளா நீ தூங்கல. போய்ப் படு, சாயங்காலம் டாக்டர்கிட்ட போகலாம்." அவர் வேலைக்குப் போய்விட்டார். பதினைந்து வருஷமாகப் பிள்ளைகளுக்கே தைத்துத் தேய்ந்த கை அவளுடையது. அதற்கு ஒன்பதே முக்காலையும் பத்தரையையும் தெரியாதா?

எல்லாம் அந்தப் படப் புத்தகத்தால் வந்தது. வாலுவுக்கு அது என்றால் உயிர். மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி பக்கத்துக்குப் பக்கம் முதுகைக் காட்டியபடி எங்கோ நடந்துகொண்டிருப்பாள். முகமே கிடையாது. வரைந்தவன் சரியான சோம்பேறி என்று அம்மா கேலி செய்வாள். "அதே மாதிரி எனக்குத் தச்சுக் குடு, அவ திரும்பிப் பாப்பா" என்று வாலு ஒரு மாதமாக நச்சரித்தாள்.

வளரும் பிள்ளையின் உடுப்பில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்து விடுவது அம்மாவின் வழக்கம். பிள்ளை வளர வளரப் பிரித்து விடலாம். இந்தக் கவுனில் மட்டும் விடவில்லை. படத்தில் மடிப்பு இல்லையே என்று வாலு அழுததால், மிச்சத் துணியை ஒட்ட வெட்டிவிட்டாள். இந்த நான்கு நாளில் லூசாகிப் பிடித்துத் தைத்த ஒவ்வொரு முறையும் அப்படியே வெட்டினாள். பிள்ளை தேறியதும் கவுன் பத்தாது, அப்போது அந்தத் துண்டுகளையாவது ஒட்டுப் போடலாம் என்று வெட்டுத்துணிக் கூடையைக் கொட்டிப் பார்த்தாள். சிவப்பு இருந்தது, பச்சை இருந்தது. ஒரு மஞ்சள் துண்டுகூட இல்லை.

வெளியே மழை பிடித்திருந்தது. கவுனைக் கழற்ற மாட்டேன் என்ற மகளை அப்படியே தூக்கிக் கட்டிலில் விட்டுப் போர்த்தினாள். துவைத்துக் காய்ந்த துணியைத் தூக்குவதுபோல இருந்தது. தையல் மெஷினின் எண்ணெய் வாடை, ஜன்னல் வழியே வந்த ஈர மண் வாடை, இவற்றுக்கு நடுவே புதுக் காகிதத்தின் வாடை எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. மெஷின் பலகையில் புத்தகம் திறந்து கிடந்தது.

படத்துச் சிறுமி வளர்ந்திருந்தாள். தலை பக்கத்தின் மேல் விளிம்பை முட்டியது. கவுனின் கீழே புதிதாக ஒட்டுப் பட்டைகள். ஒவ்வொரு தையலின் முடிவிலும் முன்னும் பின்னுமாக மூன்று தடவை அடித்து நிறுத்தியிருந்தது.

அப்படி அடிப்பது அவள் கைப்பழக்கம்.

பிளேடை எடுத்தாள். காகிதத்தில் சுரண்டினாள். நூல் தட்டுப்பட்டது. நிஜ நூல். இழுத்தாள். வந்தது.

"என் பிள்ளைய விட்டுடு. எல்லாத்தையும் பிரிச்சிடறேன். விட்டுடு."

இழுத்தாள். நூல் விரலை அறுத்தது. இழுத்தாள். கடைசி இழையும் வந்தது. படத்தில் சிறுமி இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

"அம்மா, அளவு எடு."

வாலுவின் குரல். கட்டிலில் போர்வை தட்டையாகக் கிடந்தது. எழுந்துவிட்டாள்! கதவருகே கவுனோடு, முதுகைக் காட்டி, கைகளை நீட்டி நின்றாள். பழைய உயரம். அம்மா ஓடிப்போய் முதுகில் டேப்பை வைத்தாள். தோள் பத்தரை. கவுன் அச்சாகப் பொருந்தியிருந்தது. அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"திரும்பு கண்ணு. முன்பக்கம் அளக்கணும்."

திரும்பியது.

பாதி திரும்பியபோது அங்கே யாருமில்லை. தாளின் ஓரம்போல ஒரு கோடு.

பிறகு மறுபக்கம் வந்தது. முகம் இல்லை. படம். ஒரு அறை. மழை பெய்யும் ஜன்னல். தையல் மெஷின். கட்டில். கட்டிலின்மேல் கட்டைவிரல் உயரத்தில் வாலு, அளவுக்காக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, அம்மாவையே பார்த்தபடி நின்றாள்.