ஆறு மணி எடை

அன்று காலை போனை எடுத்தது நோயாளியின் மனைவி இல்லை. நோயாளியே எடுத்தார். ஆறு நாளில் ஒரு தடவைகூட அவர் எடுத்ததில்லை. அதைக்கூட விட்டுவிடலாம், அவர் சொன்னதைத்தான் போன் செய்த நர்ஸால் விட முடியவில்லை.

“நேத்து தலகாணியே வெச்சுக்கல சிஸ்டர். மட்டமல்லாக்கப் படுத்தேன். மூச்சு முட்டவே இல்ல.”

சமையலறை மேடையில் நோட்டை விரித்து வைத்து, ஒரு கண் பால் பாத்திரத்தின் மேலும் ஒரு கண் எழுத்தின் மேலுமாக நின்றிருந்தவளின் பேனா நின்றது. இதயம் தளர்ந்துபோனவர்களுக்கு உடம்பில் தண்ணீர் தங்கும். படுத்தால் அந்தத் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும். மட்டமாகப் படுத்தால், கிணற்றில் விழுந்தவன் தலையைத் தூக்குவதுபோல அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த மனிதருக்கு முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை வேண்டியிருந்தது. ஒரே நாளில் ஒன்றும் வேண்டாம் என்றால் எப்படி?

எடை எவ்வளவு என்று கேட்டாள். எழுபத்து நாலு என்றார். முந்தைய நாள் எழுபது.

“மெஷின் ரிப்பேரா இருக்கும் சார்.”

“இருக்கும் சிஸ்டர். நாப்பது பேர் ஏற வேண்டிய வண்டியில எண்பது பேர ஏத்துனவன் நான். எனக்கு எடையெல்லாம் ஒரு விஷயமா?” என்று சிரித்தார். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சிரிப்பு முடிந்த பிறகும் அவர் நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்ச நேரம் கொப்பளித்துக்கொண்டே இருந்தது. மற்ற நாட்களில் போனில் மிக்ஸி ஓடும், குழாய் திறக்கும், அவர் மனைவி, அந்த அம்மா, யாரையாவது அதட்டுவார். இன்று அவர் குரலைத் தவிர ஒன்றும் இல்லை. அந்தக் குரலும் மூடிய தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது.

அவள் நோட்டில் அறுபத்தெட்டு என்று எழுதினாள்.

அப்படி எழுதுவது அது மூன்றாவது நாள்.

இருபத்து மூன்று வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள் அவள். மாத்திரை நேரம் ஒரு நிமிடம் தவறாது என்பதால் மருத்துவமனை முழுக்க, நோயாளிகள் வரை, அவளுக்குக் ‘கடிகார சிஸ்டர்’ என்று பெயர். மருத்துவமனை நடத்திய தொடர் பயிற்சியில், இதய நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் எப்படிக் கவனிப்பது என்று பாடம் எடுத்தார்கள். பயிற்சிக்கு வந்த ஒவ்வொரு நர்ஸுக்கும் ஒரு நோயாளி. பதினான்கு நாள், காலை ஆறு மணிக்குப் போன் செய்து எடை, தலையணை, கால் வீக்கம் மூன்றையும் கேட்டு எழுத வேண்டும். ரெண்டு நாளில் ரெண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர், அன்றைக்கே தனக்குச் சொல்ல வேண்டும் என்று இதய டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

நாலாம் நாள் வகுப்பில் அவளுடைய அட்டவணையைத்தான் அவர் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். கோடு போட்ட மாதிரி இருக்கிறது, இப்படிப் பார்த்துக்கொண்டால் எந்த நோயாளியும் திரும்பி வரமாட்டார் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மனசு மட்டும் குனியவில்லை.

மறுநாளே எடை ஒரு கிலோ ஏறியது. ஆறாம் நாள் இன்னும் ஒன்று. அந்த அம்மா கவலையோடுதான் சொன்னார். அன்று வார்டில் இரண்டு பேர் லீவு, அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. தூக்கிக் காட்டிய அட்டவணையைத் திருத்திக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நிற்கவும் கூச்சமாக இருந்தது. ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று “சரிம்மா” என்றாள். ரெண்டு நாளுக்கும் அறுபத்தெட்டு என்றே எழுதினாள்.

எட்டாம் நாளும் அவரே எடுத்தார்.

“எண்பத்தொண்ணு.”

அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்றாள். அவள் இங்கே இல்லை என்றார். இங்கே என்றால் எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. கால் வீக்கம் பற்றியும் கேட்காமல் அறுபத்தெட்டு என்றே எழுதினாள். வைக்கப் போகும்போது அவரே கேட்டார்.

“என்ன எழுதினீங்க சிஸ்டர்?”

“நீங்க சொன்னதத்தான் சார்.”

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, ஒவ்வொன்றாக, குமிழி உடைகிற சத்தம்.

அன்று கணவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பரீட்சை எழுதுகிற வயசா இது, ஃபெயிலானால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லப் போகிறார்களா என்று கேலி செய்தான். அவள் சிரித்து வைத்தாள்.

ஒன்பதாம் நாள் தொண்ணூற்றாறு. மெஷின் முனகுவது போனில் கேட்டது.

பத்தாம் நாள் அவள் போன் செய்யவில்லை. அன்று மதியம் வகுப்பு. ஏசி ஓடுகிற நீள அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், திரையில் தண்ணீர் நிறைந்த நுரையீரலின் படம். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டாக்டர் அவளை மட்டும் நிறுத்தினார். அவள் நோட்டைப் புரட்டி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தார். ஏழாம் வரியில் விரல் நின்றது.

“இன்னைக்குக் காலைல அவரு வீட்டம்மா ரிப்போர்ட் வாங்க வந்திருந்தாங்க சிஸ்டர். அவரு ஆறாம் நாள் சாயங்காலமே இறந்துட்டாரு. இங்க கொண்டு வர்ற வழியிலயே.” கண்ணாடியைக் கழற்றினார். “இறந்தவருக்கு மூணு நாள் எப்படி எடை பாத்தீங்க?”

கைப்பைக்குள் போன் இருந்தது. அதில் மூன்று நாளும் ஆறு மணிக்கு அவருடைய எண்ணோடு பேசிய கணக்கு இருந்தது. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல்.

வகுப்பிலிருந்து நேராக அந்த வீட்டுக்குப் போனாள். அடுக்குமாடிக் கட்டடம், நாலாவது மாடி. வெயில் இன்னும் இறங்கவில்லை. கதவைத் திறந்த அம்மா அவளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கணவர் படுத்திருந்த கட்டிலில் விரிப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தும் அறையில் ஈரத்துணியை நாள்கணக்கில் மூட்டை கட்டி வைத்த வாடை.

அவருடைய போனை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அம்மா அலமாரியைத் திறந்து எடுத்துக் காட்டினார். அவர் இறந்த அன்றைக்கே சார்ஜ் இறங்கி அணைந்ததாம், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லையாம். திரை கறுப்பாக இருந்தது. அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அழவில்லை.

“ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறியிருக்குன்னு நான்தான சொன்னேன். நீங்க சரின்னீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமான்னு மத்தியானமே இவர்கிட்ட கேட்டேன். கடிகார சிஸ்டர் சரின்னு சொன்னா சரியாத்தான் இருக்கும், சும்மா இருடின்னாரு.”

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. அந்த அம்மா காத்திருந்தார். அறையில் வேறு யாரோவும் காத்திருப்பதுபோல் இருந்தது.

“நான் அன்னைக்கே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்மா,” என்றாள் அவள். “அவர்தான் பாத்துக்கலாம்னுட்டார்.”

கட்டில் கிறீச்சிட்டது. அம்மா அசையவில்லை.

அவள் எழுந்தாள். முழங்கால் வலித்தது. கைப்பை கனத்தது. வாசலுக்குப் பத்தடிதான், அதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அம்மா கூடவே வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்தினார்.

லிஃப்ட் காலியாக வந்தது. ஆறு பேர் தாராளமாக நிற்கலாம். அவள் ஒரு காலை வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள்.

மணி அடித்தது.

அளவுக்கு மேல் ஆள் ஏறினால் அடிக்கிற மணி. அவள் சுற்றிப் பார்த்தாள். மூன்று பக்கமும் தகரம். யாரும் இல்லை. பொத்தானை அழுத்தினாள். கதவு மூடவில்லை. மணி நிற்கவில்லை.

இறங்கிவிடலாம் என்று காலைத் தூக்கினாள்.

கால் வரவில்லை.

தோள்மேல் ஏதோ ஏறியது. குளிர்ந்தது. தொளதொளவென்றது. நனைந்த மெத்தையைப் போட்டதுபோல் முதுகு வளைந்தது. காதோரம் குமிழி உடைந்தது. ஒன்று. இன்னொன்று.

லிஃப்டின் தரை ஒரு விரல் இறங்கியது. பிறகு ஒரு சாண். மேலே எங்கோ கம்பிவடம் முனகியது. வெளியே மாடி நடைபாதையின் தரை அவள் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. கையை நீட்டினாள்.

“அம்மா.”

அந்த அம்மா விளிம்பில் வந்து நின்றார். குனிந்தார். நீட்டிய கையைப் பார்க்கவில்லை. அவளுடைய தலைக்குச் சற்று மேலே, ஒரு கை அகலத்துக்கு மேலே, பழகிய முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நல்லா கெட்டியா புடிச்சுக்குங்க,” என்றார், மிக மெதுவாக.

அவள் கழுத்தைச் சுற்றி, வீங்கிப் பளபளத்த இரண்டு கைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டன. மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடைபாதை அவள் கண் மட்டத்துக்கு வந்தது. அதற்கு மேலே போயிற்று.