நாக்குள்ள டயர்

வண்டியைக் கிளப்புமுன் நான்கு டயர்களுக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்ல வேண்டும். பாமினி நான்கு முறை சொன்னாள். மூன்று டயர்கள் பதில் வணக்கம் சொல்லின. பின்பக்க இடது டயர் மட்டும், "குரலில் பதற்றம் தெரிகிறது" என்றது.

தெரியாமல் என்ன செய்யும்? வருடக்கணக்கில் ஷெட்டில் கிடந்து, பழைய பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்து அவளே கட்டிய கார். கையால் ஓட்டும் வண்டிகள் நகரத்தில் அருகிவிட்டன. இன்று டயர்கள் நல்ல வார்த்தை சொன்னால் இதைத் தெருவில் ஓட்டலாம். இல்லையென்றால் பழைய வண்டிகளை நொறுக்கும் ஆலைதான்.

"பயப்படாதம்மா. புது ரகம். பல்லி மாதிரி பிடிக்கும்" என்றார் டயர் கம்பெனியின் தலைமைப் பிடிமான அதிகாரி சபேசன். "இப்ப நாக்கு வேற வெச்சிருக்கோம். எதுமேல ஏறினாலும் ருசி பார்த்துச் சொல்லிடும். கோர்ட்டுல மனுஷன் பேச்சு எடுபடுதா? டயர் சொல்றதுதான் சாட்சி. இதுவரைக்கும் ஒரு தப்பு? ம்ஹூம்."

பிறகு கோட்டுப் பையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழங்களை எடுத்தார்.

"இது எதுக்கு சார்?"

"சயின்ஸ் ஒரு பக்கம் இருக்கட்டும்மா" என்று குனிந்து, டயருக்கு ஒன்றாக வைத்தார்.

பழங்கள் நசுங்கின. கார் பாய்ந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத் தடத்தில், தண்ணீர் தெளித்த வளைவில் எப்போதும் வால் வீசும் கார், இன்று அட்டைபோல ஒட்டிக்கொண்டு திரும்பியது. பாமினி சிரித்தேவிட்டாள்.

வந்து நிறுத்தியதும் கதவுகள் பூட்டிக்கொண்டன.

"சாட்சியம்" என்றது பின்பக்க இடது டயர். "புறப்படும்போது நான்கு மெல்லுடல்கள் நசுங்கின. தோல் கிழிந்தது. திரவம் வெளியேறியது. நான்கின் வயிற்றிலும் முட்டைகள் இருந்தன. காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்டது."

"சார்! அது நீங்க வெச்ச பழம்! சொல்லுங்க சார்!"

சபேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் எப்படிம்மா சொல்றது? எங்க டயர் தப்பா சொல்லும்னு ஆயிட்டா, அது சொல்லி ஜெயிலுக்குப் போனவங்க அத்தனை பேரும் கிளம்பி வந்துடுவாங்களே! நசுங்கினது தவளைன்னு ஒத்துக்கோ. கார்தான் போகும்."

"கார்தான் போகுமா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்து, டயர் வரிகளில் ஒட்டியிருந்த தோலை மெல்ல உரித்தெடுத்தார்.

"இறந்தவற்றின் திரவம் இந்த விரல்களிலும் இருக்கிறது" என்றது டயர். "உடந்தை."

"யோவ், எலுமிச்சம்பழம்யா அது! நான்தான் வெச்சேன்!"

"மனித விளக்கம் ஏற்கப்படாது. 'நான்தான் வெச்சேன்' என்பது மட்டும் பதிவானது."

சைரன் நெருங்கியது. சபேசன் கார்க் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். "நீ பார்த்தேல்லம்மா? நீயாவது சொல்லும்மா!"

"சொல்றேன் சார்" என்றாள் பாமினி.

காவல் வண்டி வந்து நின்றது. சொல்வதைக் கேட்க அதற்குள் ஆள் யாரும் இல்லை. அடியில் நான்கு டயர்கள் இருந்தன.