ஈசான மூலையில் வைக்காத பெட்டி

மௌனத்தின் விலை எட்டு லட்சம் ரூபாய். வரி தனி.

"சத்தமில்லாம இருக்கிறதுக்குமா வரி போடுறான்?" என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி. விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். எதிரே அளவு நாடாவோடு நின்றிருந்தாள் அமலி. சூழொலிப் பெட்டிகள் பொருத்த வந்த தொழில்நுட்பப் பெண்.

தலைக்கு மேலே சரக்கு சுமக்கும் இயந்திரப் பறவைகள் ஓயாமல் பறக்கத் தொடங்கியதிலிருந்து ஊரில் எவர் காதுக்கும் நிம்மதி இல்லை. இதய அறுவை முடிந்து வீடு திரும்பிய மனைவி சண்முகக்கனிக்கு, தினமும் சில மணி நேரமாவது இரைச்சலில்லாத இடம் வேண்டும், இல்லாவிட்டால் அந்த இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அண்ணாச்சி பணப்பையைத் திறந்தது அதற்காகத்தான்.

வீட்டுத் திரையரங்குக்கென்று பிறந்த பெட்டிகள் அவை. படத்தில் பெய்யும் மழையைத் தலைமேல் பெய்விக்கும். ரயிலை முதுகுக்குப் பின்னால் ஓட்டும். கூடவே, சுவரைத் தொடும் ஒவ்வொரு ஒலியலைக்கும் நேர் எதிரலை ஒன்றை எழுப்பும். மேடும் பள்ளமும் சேர்ந்து சமதரை ஆகிவிடும். வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது. மேலே நான்கு மூலை, கீழே நான்கு மூலை, ஒன்றும் இடம் பிசகக் கூடாது.

அமலி வடகிழக்கில் குனிந்து குறி போட்டாள்.

"அங்க வேண்டாம் தாயி. ஈசான மூலை காலியா இருக்கணும். வாஸ்து."

அண்ணாச்சிக்கு வாஸ்துவில் நம்பிக்கை கிடையாது. தள்ளுபடியில் உண்டு.

"ஒண்ணு குறைஞ்சா அந்த மூலையில சத்தம் ஒழுகும் அண்ணாச்சி."

"ஒழுகட்டும். ஏழு பெட்டி, ஏழு லட்சம்."

"ஏழே கால். அதுக்குக் கீழ என் வேலை போயிரும்."

"சரி, வரியை உள்ள போட்டுக்க."

"வாஸ்து பாக்குற மனுசன், சரக்கு வைக்கிற கிட்டங்கிக்கு எதுக்குத் தெக்குப் பாத்து வாசல் வச்சாராம்?" என்று சண்முகக்கனி சுவரிடம் கேட்டாள். கணவர் அவசரமாகப் பணத்தை எண்ணத் தொடங்கினார்.

வேலை முடிந்ததும் அமலி மௌனமானியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இதுக்குக் கம்பெனி சான்று தராது."

"சான்றை வச்சு வத்தலா காயப்போடப் போறேன்?"

அறை என்னவோ பரவாயில்லை. சண்முகக்கனி மதியம் தூங்கினாள், படம் பார்த்தாள். முகத்தில் தெளிவு வந்தது. பெட்டிகளைக் குழப்பும் என்பதால் கைபேசியையும் நாடித் துடிப்பைக் கண்காணிக்கும் காப்பையும் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அப்படிப் போன ஒரு மதியம், அண்ணாச்சி கூடத்தில் குண்டூர் வியாபாரியோடு போனில் பேரம் பேசிக்கொண்டிருந்தார். எதிராளி இறங்கி இறங்கி இவர் விலைக்கே வந்துவிட்டான். அப்போது பெட்டி இல்லாத மூலையில், சுவரின் அடியிலிருந்து நூல்போல ஒரு குரல்.

"ஏங்க..."

படிந்துகொண்டிருந்த பேரத்தை அண்ணாச்சி பாதியில் அறுத்தது வாழ்நாளிலேயே அன்றுதான். கதவைத் திறந்தால், திரையில் யாரோ யாரையோ காதைப் பிளக்க அடித்துக்கொண்டிருக்க, நெஞ்சைப் பிடித்தபடி அவள் அந்த மூலையோரம் தரையில் கிடந்தாள்.

"கொஞ்சம் பிந்தியிருந்தா நாங்க ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது," என்றார் மருத்துவர். "இந்த மாதிரி ரூமுக்குள்ள விழுந்தவங்க எத்தனையோ பேர். வீட்ல ஆள் இருந்தும் யாருக்கும் கேக்கலை. உங்களுக்கு மட்டும் எப்படிய்யா கேட்டுச்சு?"

எல்லாம் வாஸ்து என்று தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. சண்முகக்கனிக்கு மட்டும் உண்மை தெரியும். படுக்கையிலிருந்தபடியே கணவர் கையைப் பிடித்தாள்.

"உங்க கஞ்சத்தனம் நல்லா இருக்கட்டும்."



செய்தி பரவியது. அடுத்த மாதமே நிறுவனம் 'கேட்கும் மூலை' என்றொரு புதுவசதியை அறிவித்தது: ஏழு பெட்டி, ஒரு காலியிடம், விலை பத்து லட்சம். எட்டு வாங்கியிருந்தவர்கள் ஒன்றைக் கழற்றவும் பணம் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுவது பல வீடுகளில் மறுபடி கேட்டது.

அமலி ஒரு ரசீதோடு வந்தாள். முகம் தொங்கியிருந்தது.

"எனக்கே வெக்கமா இருக்கு அண்ணாச்சி. உங்க ரூம்ல அந்த வசதி இருக்குன்னு பதிவாயிருச்சாம். வித்தியாசம் ரெண்டே முக்கால் லட்சம் கேக்குறாங்க. போடாத பெட்டிக்கு!"

சண்முகக்கனி சண்டை பார்க்க வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அண்ணாச்சி ஒரு பைசா குறைக்கச் சொல்லாமல் கட்டினார்.

"அப்ப கணக்கு நேராயிருச்சு," என்றாள் அமலி, நம்ப முடியாமல்.

"எங்க தாயி நேராச்சு?"

ரசீதின் கீழே அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டார்:

'பெற்றது: ஒரு குரல். கொடுத்தது: ரூபாய் பத்து லட்சம். பாக்கி நான் தரவேண்டியது.'