ஓட்டை விழாத இடம்

அந்த வீட்டில் எதையும் முழுதாகப் பார்ப்பது கஷ்டம். ஆப்பிள் பாதி, அழிப்பான் பாதி, மேசை பாதி. எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் செய்த வேலை. கொஞ்சம் முந்திப் பிறந்தவளை ‘முந்தி’ என்றும், பின்னால் வந்தவனை ‘பிந்தி’ என்றும் கூப்பிட்டார்கள். எது வந்தாலும் ஆளுக்குப் பாதி என்பது அவர்கள் சட்டம். ஒருமுறை குடையைக்கூட வெட்டப் பார்த்தார்கள். நல்லவேளை, அப்பா ஓடிவந்து பிடுங்கிவிட்டார்.

அன்று இரண்டு பேரும் காசு சேர்த்து, ஸ்டாம்ப் கடையில் ஒரு கலவைப் பொட்டலம் வாங்கினார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று விற்பவருக்கே தெரியாது. வீட்டுத் தரையில் கொட்டி, “உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு” என்று பிரித்தார்கள். மாடிவீட்டுப் பையன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

கடைசியில் ஒட்டியபடியே இருந்த ஒரு ஜோடி மிஞ்சியது. இரண்டு அஞ்சல்தலையிலும் ஒரே நீலப் பறவை. இரண்டின் மேலும் படும்படி ஒரு வட்ட முத்திரை.

“எனக்கு அந்தப் பறவை வேணும்டா,” என்றான் மாடிவீட்டுப் பையன். “ஒண்ணு குடு, என் ராக்கெட் ஸ்டாம்ப் உனக்கு.”

பிந்தி துள்ளி எழுந்தான். அந்த ராக்கெட்டின் மேல் அவனுக்கு எத்தனையோ நாளாக ஒரு கண். “முந்தி, சீக்கிரம் கிழி! என் பங்கைக் குடு!”

முந்தி ஜோடியை மடிக்கப் போனாள். அஞ்சல்தலைகளுக்கு நடுவே வரிசையாக ஓட்டைகள் இருக்கும். அங்கே மடித்து இழுத்தால் அழகாகப் பிரிந்துவிடும். அவள் விரல் ஓட்டைகளைத் தேடியது. அகப்படவில்லை.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். சுற்றிலும் குட்டிக் குட்டிப் பற்கள். நடுவில் மட்டும் ஒன்றுமே இல்லை. வழவழவென்று வெறும் காகிதம்.

“இங்க ஓட்டையே போடலடா!”

“அதனால என்ன? கத்தரிக்கோல் எதுக்கு இருக்கு?” என்று பிந்தி எடுத்து வந்தான்.

முந்தி இரண்டு கைகளாலும் ஜோடியைப் பொத்திக்கொண்டாள். “வேணாம்.”

“ஏன்?”

“தெரியல. ஆனா வேணாம்.”

ஓயாமல் ஓட்டை போடும் ஒரு பெரிய இயந்திரம், இங்கே மட்டும் ஒரு வரிசையைத் தாண்டிப் போயிருக்கிறது. இதை ஒட்டியவர் கவனிக்கவில்லை. முத்திரை குத்தியவரும் கவனிக்கவில்லை. எத்தனை கை மாறியிருக்கும்! ஒருவரும் கிழிக்காமல் இவள் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

“என் பாதியை நான் என்ன வேணா செய்வேன். சட்டம்னா சட்டம்தான்!” என்றான் பிந்தி. அவன் கண் கலங்கிவிட்டது.

அவன் சொல்வதும் நியாயம்தான். முந்தி தன் ஆல்பத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தில் முக்கோண அஞ்சல்தலை ஒன்று, தங்க நிற மீனோடு மின்னியது. அதைத் தொட அவள் யாரையும் விட்டதில்லை. அதை எடுத்து மாடிவீட்டுப் பையனிடம் நீட்டினாள்.

“பறவைக்குப் பதிலா இதை எடுத்துக்கோ. ராக்கெட்டை இவனுக்குக் குடு.”

“நெசமாவா?” அவள் மனசு மாறுவதற்குள் அவன் ராக்கெட்டைக் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறி மறைந்துவிட்டான்.

ராக்கெட் கைக்கு வந்த பிறகும் பிந்தி சிரிக்கவில்லை. ஆல்பத்தில் காலியாகிப்போன இடத்தையே பார்த்தான். “உனக்குப் பைத்தியம்டி,” என்று மெல்லச் சொன்னான்.

“இருக்கட்டும். வா, ஸ்டாம்ப் கடை அக்காகிட்டக் காட்டலாம்.”

கடை அக்கா தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஜோடியைப் பார்த்ததும் கோப்பையைத் தள்ளி வைத்தார். எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். சின்ன இடுக்கியால் அதைத் தூக்கி, பூதக்கண்ணாடி வைத்து முன்னும் பின்னும் பார்த்தார். பிந்திக்குப் பயமே வந்துவிட்டது.

“இந்த மாதிரி ஜோடியைப் பத்திப் படிச்சிருக்கேன். கண்ணால பார்த்ததே இல்ல,” என்றார் கடைசியில். “இது எங்க கெடச்சுது?”

“நீங்க வித்த பொட்டலத்துலதான்!”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். “என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன். போகட்டும், வித்தது வித்ததுதான். இது உங்களோடது.”

“ரொம்பப் பழசா அக்கா?”

“பழசுன்னா மட்டும் விலை வராது. கோடிக்கணக்குல அடிச்சிருந்தா எவ்ளோ பழசானாலும் சும்மா கெடக்கும். இது மாதிரி எத்தனை மிச்சம் இருக்கு, எத்தனை பேர் தேடுறாங்க, கசங்காம மங்காம இருக்கா, அதெல்லாம் பார்க்கணும். சேகரிக்கிறவங்க மட்டும் இல்ல, பணத்தைப் போட்டு வைக்கிறவங்களும் இதுக்குப் போட்டி போடுவாங்க. ஓட்டை போடாம விட்ட அந்தத் தப்பை இனிமே திரும்பச் செய்ய முடியாதுல்ல?”

“தப்புக்கா விலை?” பிந்தியால் நம்ப முடியவில்லை. “என் கணக்கு நோட்டு முழுக்கத் தப்புதான். யாரும் கேக்கலையே!”

“உன் தப்பு தினமும் வருது கண்ணா. இது எப்பவோ ஒரு தடவை வந்துது.”

“நடுவுல வெட்டியிருந்தா?”

“ரெண்டு சாதாரண ஸ்டாம்ப். அதுவும் ஒரு பக்கம் பல்லு போன ஸ்டாம்ப்,” என்றார் அக்கா. “இப்போ இது உண்மைன்னு நிபுணருங்க சோதிச்சுச் சொல்லிட்டாங்கன்னா, இந்தக் கடையில இருக்கிற அத்தனையும் சேர்ந்தாலும் ஈடாகாது.”

மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். இரண்டு நீலப் பறவைகள், நடுவே ஒரு வெள்ளைக் கீற்று. பிந்தி தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

சோதனைக்கு அனுப்ப, அக்கா ஒரு உறையை எடுத்தார். “உரிமையாளர் யாருன்னு எழுதணும். யார் பேரு?”

“இவ பேரு,” என்றான் பிந்தி உடனே. “நான் கத்தரிக்கோல் எடுத்தவன்.”

“காசு அவனும்தான் போட்டான். அவன் பேரையும் எழுதுங்க,” என்றாள் முந்தி.

அக்கா இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். நடுவில் ஒரு கோடு போடப் போனவர், இருவரையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, போடாமல் பேனாவை மூடினார்.