ஏழாம் நம்பர் ஆணி

"அந்த மாலையை யாருங்க போட்டது?"

ஏணியின் உச்சியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்த வானதி குனிந்து பார்த்தாள். கீழே ஒருவன். கையில் குடை இருந்தும் தலையிலிருந்து சட்டை வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். குடை வைத்துக்கொண்டே நனைகிற ஆளை அவள் இன்றுதான் பார்க்கிறாள்...

"பதினோரு மணிக்குத்தான் சார் தொறப்போம். பின்வாசல் வழியா யாரும் வரக்கூடாது."

அவன் நகரவில்லை. அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேற்குச் சுவரில் ஏழாம் நம்பர் ஆணியில் தொங்கிய ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் துண்டும் முகத்தில் ஒரு வாரத் தாடியுமாக ஒரு கிழவர். அவர் கழுத்தைச் சுற்றிச் சம்பங்கி மாலை. நெற்றியில் சந்தனமும் குங்குமமும்.

"இவரு எப்ப செத்தாரு?"

"இவங்கள்ல நாலு பேரு போன வருஷத்துல தவறிட்டாங்க சார். அவங்களுக்கு மட்டும்தான் மாலை..."

"காலையில இட்லி சாப்ட்டாரு," என்றான் அவன். "அரை இட்லி. எங்கப்பாவுக்கு நான்தான் ஊட்டிவிட்டேன்."

வெளியே மார்கழியில் பெய்யக்கூடாத மழை பெய்துகொண்டிருந்தது. படத்துக்கு மாலை விழுந்தால் நம் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அதை உயிரோடிருக்கிற மனுஷனுக்குப் போட்டாயிற்று... அதுவும் பெற்ற பிள்ளை கண் முன்னால்.

எப்படி நடந்தது என்பது ஒரே நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. கீழவாசல் பக்கம் ஒரு பழைய நெல் கிடங்கை வெள்ளையடித்துப் பிரகதீஸ்வரி மேடம் நடத்துகிற கேலரி அது. படம் மாட்டுவது, இறக்குவது, கட்டுவது, துடைப்பது எல்லாமே வானதிதான். நாகூர் ஓவியர் ரசியா பேகம் ஒரே வாய்க்கால் கரையைச் சேர்ந்த பதினான்கு பேரை வரைந்து அனுப்பியிருந்தார். இறந்த நால்வருக்கும் கண்காட்சியின் முதல் நாளில் பூமாலை சாத்தச் சொல்லிப் போனில் கேட்டுக்கொண்டார். எந்தெந்த ஆணிக்கு மாலை என்று நம்பர் எழுதி, பூக்காரர் குஞ்சிதபாதத்திடம் முந்தின நாள் மதியமே சீட்டுக் கொடுத்துவிட்டாள் வானதி. சாயங்காலம் பார்த்தால் மேற்குச் சுவரில் ஓதம். ஏழாம் ஆணியில் இருந்தது, இறந்துபோன ஆமினா அம்மாளைக் காகிதத்தில் வரைந்த படம்... ஈரம் தாங்காது. துணியில் எண்ணெய் வண்ணத்தில் இருந்த கிழவர் தாங்குவார். இரண்டையும் இடம் மாற்றினாள். சீட்டை மாற்ற மறந்துபோனாள். காலையில் வந்த குஞ்சிதபாதம் சீட்டில் இருந்த நம்பரைப் பார்த்து மாலையைப் போட்டார், வழக்கப்படி நெற்றியில் பொட்டும் வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"பூக்காரரு... மாத்திப் போட்டுட்டாரு சார்."

இறங்கி வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். இறங்கி வந்தாள்... சொல்லவில்லை. வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கிறதே தவிர, வேண்டிய நேரத்தில் ஒன்றும் வராது இந்தப் பெண்ணுக்கு.

அவனே மாலையைக் கழற்றினான். கழற்றிவிட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். குப்பையில் போட மனசு வருமா? கீழே வைக்கத்தான் முடியுமா? வானதி இரண்டு கையையும் நீட்டினாள். அப்போதுதான் அவன் முதல்முறையாக அவளைப் பார்த்தான். தூக்கமில்லாமல் சிவந்த கண்கள்... அந்தக் கண்களுக்கு முன்னால் நிற்கக் கூசியது. கூசியும் பார்வையை எடுக்க முடியவில்லை.

பெயர் பகலவன். மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர். அப்பா வேம்பு, திருப்பனந்தாள் பக்கம் ஒரு கிராமத்தில் வாய்க்கால் மடை திறந்து அடைக்கிறவர். இப்போது இரண்டு கிட்னியும் போய்ப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். 'என் படம் எப்புடி வந்துருக்குன்னு பாத்து, போட்டா புடிச்சுட்டு வாடா' என்று காலையில் அனுப்பியிருக்கிறார்.

"பொட்டோட எடுத்துட்டுப் போக முடியாதுங்க," என்றான். "அவரு பொட்டு வக்கிற ஆளு இல்ல. கருப்புச் சட்டைக்காரரு."

வானதி பஞ்சுக் குச்சியை எடுத்து வாயில் வைத்து நனைத்தாள். ஓவியத்தின் நெற்றியில் மெல்ல உருட்டினாள்.

"என்னங்க... எச்சியா?"

"பெயிண்ட்டைக் கெடுக்காம அழுக்கை எடுக்க இதுதான் சார் நல்லது. பெரிய மியூசியத்துலயே இதான்."

"எங்கப்பா மூஞ்சில எச்சி."

"உங்கப்பா சின்ன வயசுல உங்க மூஞ்சியத் தொடச்சிருக்க மாட்டாரா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததற்கு உடனே வெட்கப்பட்டான். போனில் இருந்த விளக்கைப் போட்டு அவளுக்கு வெளிச்சம் காட்டினான். முப்பது குச்சி தீர்ந்தது. குங்குமம் போய்விட்டது... ஆனாலும் துணியின் இழைக்குள் ஒரு சிவப்பு மட்டும் தங்கிவிட்டது.

மறுநாளும் வந்தான். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, 'நெத்தியில என்னடா செகப்பு, நான் எப்பப் பொட்டு வச்சேன்' என்று கேட்டாராம். விளக்கு வெளிச்சம் என்று சமாளித்தானாம். அதற்கடுத்த நாள், படத்துக்கு மேலே விளக்கு விட்டு விட்டு எரிகிறதே, ஒயரிங் பண்ணியது யார் என்று கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அவனே சரிசெய்தான். தினமும் மாலை நாலு மணிக்கு வார்டிலிருந்து நடந்து வந்துவிடுவான். பின்கட்டில், சட்டங்களும் ஆணி டப்பாவும் சிதறிக் கிடக்கிற இடத்தில், இரண்டு பேரும் டீ குடித்தார்கள். அப்பா இன்று எத்தனை வாய் சாப்பிட்டார் என்பதில் பேச்சு தொடங்கும். எங்கெங்கோ போகும். ஒரு நாள் அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த மரத்தூளைக் காட்டி, "உங்களையும் ஒரு படத்தைத் தொடைக்கிற மாதிரி தொடைச்சுக்கங்க," என்றான். அவள் காது சூடாகிவிட்டது.

சொல்லிவிடு... சொல்லிவிடு என்று தினமும் மனசு அடித்துக்கொண்டது. நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் தள்ளிப்போட்டாள். அவன் வராமல் போய்விட்டால்? அந்த ஒரு பயம்தான். வேறென்ன!

எட்டாம் நாள் அவள் ஏதோ சொல்ல, அவன் டீ புரையேறும்படி சிரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்தான். "சரி," என்றான். டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். "அப்பா போயிட்டாரு," என்று அவளிடம் சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தான். ஓடக்கூட இல்லை.

கெட்ட சேதி அதோடு நிற்கவில்லை. முதல் நாள் காலை, கண்காட்சி தயார் என்று மேடம் கேலரியின் இணையப் பக்கத்தில் ஒரு போட்டோ போட்டிருந்தார்... மாலையோடு. பகலவன் வந்துபோன பிறகு நீக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். எழவு வீட்டில் அது ஒவ்வொரு போனாகச் சுற்றியது. வேம்புவின் அக்கா தங்கமணி நெஞ்சில் அடித்துக்கொண்டு, உயிரோட இருந்த என் தம்பிக்கு மாலை போட்டவன் எவன் என்று கேட்டிருக்கிறாள். பூக்காரர்தான் மாற்றிவிட்டாராம் என்று, தனக்குச் சொல்லப்பட்டதைப் பகலவன் சொல்லியிருக்கிறான். மறுநாள் காலை சொந்தக்காரர்கள் இரண்டு பேர் பூச்சந்தைக்கு வந்து, குஞ்சிதபாதத்தின் கூடைகளைச் சேற்றில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று மதியம் குஞ்சிதபாதம் கேலரிக்கு வந்தார். அறுபது வயது மனிதர். வேட்டியெல்லாம் சேறு. சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வானதியின் மேஜையில் வைத்தார்.

"உங்க கையெழுத்து பாப்பா. அவனுங்க கத்தும்போது பையிலதான் இருந்துச்சு. எடுத்துக் காட்டலாம்னு கை போச்சு... பொம்பளப்புள்ள, வேலைக்கு வந்த எடம்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. அவள் மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் அவர் போய்விட்டார். வானதி அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அழுது என்ன பிரயோசனம்?

கண்காட்சியின் கடைசி நாள் பகலவன் வந்தான். முகம் வற்றிப்போயிருந்தது. ரசியா பேகம் அந்த ஓவியத்தை வீட்டுக்கே கொடுத்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு. காரியம் கருமாதி எதுவும் வேண்டாம், படத்தைத் திறந்து வையுங்கள் போதும் என்று அப்பா சொல்லியிருந்தாராம்.

வானதி படத்தை இறக்கினாள். மூலைகளுக்கு அட்டை கொடுத்து, மேலே பிளாஸ்டிக் சுற்றி, கயிறு கட்டினாள். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு, சீட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"பூக்காரரு மேல தப்பே இல்லீங்க. அவரு நான் எழுதுன நம்பரைப் பாத்துதான் போட்டாரு. படத்தை மாத்துனது நான். சீட்டை மாத்தாம விட்டதும் நான்."

அவன் சீட்டைப் பார்த்தான்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"எட்டு நாளு... எதுத்தாப்ல ஒக்காந்து டீ குடிச்சீங்க."

அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். குடையை மறந்துவிட்டுப் போனான். அவள் விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு கம்பி ஒடிந்து ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை குஞ்சிதபாதமும் வானதியும் பஸ் ஏறினார்கள். அவர் வர வேண்டியதில்லை என்று அவள் எவ்வளவோ சொன்னாள். ஒத்தையா அனுப்ப மனசு கேக்கல என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். வழி நெடுகக் கதிர் வந்த சம்பா மழையில் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. வரப்பில் நின்றவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானதியின் மடியில் ஒரு சம்பங்கி மாலை, கையில் கிழிந்த குடை. துரத்திவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். துரத்தட்டும்... சொல்லாமல் மட்டும் திரும்பக்கூடாது.

பந்தல் வாசலிலேயே தங்கமணி உட்கார்ந்திருந்தாள். வானதி அவள் முன்னால் போய் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி, கூடையைக் கவிழ்த்தது இந்தப் பெரியவருக்குச் செய்த அநியாயம், தப்பு செய்தது நான், பொய் சொன்னதும் நான் என்று சொன்னாள்.

"என் தம்பிக்கு நாள் குறிச்சவ நீதானா?" என்றாள் தங்கமணி. குரலை உயர்த்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

உள்ளேயிருந்து பகலவன் வந்தான். வானதி தலை நிமிரவில்லை.

"அத்தை," என்றான். "அப்பாவுக்கு மாலை விஷயம் தெரியும். போறதுக்கு மொத நாளு நான் சொல்லிட்டேன். மறைக்க முடியல."

தங்கமணி அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"கோவிப்பாருன்னு நெனச்சேன். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. 'ரோசாவா, சம்பங்கியா?' சம்பங்கின்னேன். 'அப்ப நல்லாத்தான் இருந்திருக்கும்'னாரு."

தங்கமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உடம்பு குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, குஞ்சிதபாதத்துக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கைகாட்டினாள்.

துணியை விலக்கிப் படத்தைத் திறந்தார்கள். வேம்பு எல்லோரையும் பார்த்தார். நெற்றியில் அந்தச் சிவப்பு லேசாகத் தெரிந்தது. பகலவன் வானதியின் பக்கம் திரும்பினான்.

"இப்பப் போடுங்க," என்றான்.

மாலையைப் போட்டாள். கும்பிடக் கையெடுத்தபோதுதான் வாய்விட்டு அழுகை வந்தது.

சாப்பாட்டுக்கு இலை போடும் நேரத்தில் அவள் வாய்க்கால் மடைப் பக்கம் ஒதுங்கி நின்றாள். தூறல் மறுபடி பிடித்துக்கொண்டது. அவன் வந்து இரண்டடி தள்ளி நின்றான்.

"உங்க மேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன். இருக்கு... அதைவிட என் மேல இருக்கு. அன்னைக்கு நாலு மணிக்கு நான் அவரு பக்கத்துல இருந்திருக்கணும். உங்ககூட சிரிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அதுக்கும் நான்தானே..."

"இல்ல. படத்தைப் பாக்க மொத நாளு மட்டும்தான் வந்தேன். மிச்ச நாளெல்லாம் உங்களைப் பாக்க வந்தேன். என்னைத் தேடுனாராங்கறது கடைசி வரைக்கும் எனக்குத் தெரியப்போறதில்ல. அதை நெனைக்காம ஒரு நாளும் இருக்க முடியாது... நீங்க இல்லாமயும் முடியாது போல இருக்கு. ரெண்டையும் வச்சுக்கிட்டு எப்புடி இருக்குறதுன்னுதான் தெரியல."

மடையில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. வானதி குடையை அவனிடம் நீட்டினாள். அவன் விரல்கள் குளிர்ந்திருந்தன. இந்தத் தடவை அவள் நாளைக்கு என்று தள்ளிப்போடவில்லை.

"எனக்கும் தெரியலங்க. ஆனா உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள். "இதை யாரு மேலயும் போட மாட்டேன்... இது நான்தான்."

அவன் அந்தக் கிழிந்த குடையை விரித்து அவள் பக்கமாகப் பிடித்தான். இரண்டு பேருமே நனைந்தார்கள்.