ஜமக்காளம் மறைத்த ஜன்னல்

குழந்தை வெண்பாவின் தலையணையில் சுக்குத்தூள் சிந்தியதுபோலப் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. புஷ்பவல்லி விரலால் தொட்டாள். வழுவழுத்து மினுங்கியது. நேற்றும் இருந்தது. நேற்று அதைத் துடைத்தோமா, துடைத்ததாக நினைத்துக்கொண்டோமா என்று இன்று தெரியவில்லை. குழந்தை பிறந்த இந்த நான்கு மாதத் தூக்கமின்மையில் அவளுக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை போயிருந்தது.

அமெரிக்காவில் அவர்கள் குடியிருந்த மான்மவுத் ஜங்ஷன் வீட்டின் பின்னால் போட்ட தக்காளியை முதல் இரண்டு வருஷமும் காய்ப்புழுதான் தின்றது. தொண்ணூற்றொன்பதில் அவள் கணவன் திருமூர்த்தி, இரவில் முட்டையிட வரும் அந்துப்பூச்சிகளைத் தடுக்கச் செடிகளைச் சுற்றி மஞ்சள் விளக்குகளை நட்டான். பொழுது சாய்ந்தால் தோட்டமும் பின்சுவரும் மஞ்சளாகிவிடும். ஒரு காயிலும் ஓட்டையில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தில் குழந்தை தூங்க மறுத்தது. சீரோடு வந்த பவானி ஜமக்காளத்தை மடித்து ஜன்னலில் ஆணியடித்தாள் புஷ்பவல்லி. காற்றுக்காகக் கண்ணாடியை மட்டும் ஒரு சாண் தூக்கி வைத்தாள். பின்பக்கத்தில் இருட்டாக மிஞ்சியது அந்த ஓர் அறைதான்.

"ஏனுங்க, பாப்பா ரூமுக்குள்ள பூச்சி வருதுங்க."

ஷூ மாட்டிக்கொண்டிருந்த திருமூர்த்தி சிரித்தான். "லைட் எரியறப்ப எப்படி வரும்? அந்துப்பூச்சிக்கு அது பகல். றெக்கைய மடக்கி அப்படியே உக்காந்துக்கும், பறக்காது."

"அப்ப அத்தனையும் எங்கீங்க போச்சு?"

"பக்கத்து வீட்டு அனந்தராமன் அங்கிளோட தக்காளிக்கு! நீ கொஞ்சம் தூங்கு புஷ்பா. ஆபீஸ்ல Y2K டெஸ்டிங் முடிச்சுட்டுக் காலைல வந்துடறேன்."

கார் போன சத்தம் தெருமுனையில் கரைந்த பிறகு, குளிர்பெட்டியின் முனகலுக்கும் அடுப்பில் ஆறிக்கொண்டிருந்த பாலின் வாசனைக்கும் நடுவில், குழந்தையின் மூச்சைக் கேட்க வைத்திருந்த மானிட்டரிலிருந்து யாரோ பட்டுப்புடவையைப் பிரித்துப் பிரித்து மடிப்பதுபோல ஒரு சரசரப்பு வரத் தொடங்கியது. வெண்பா சிணுங்கினாள். அழுதாள்.

அழுகை பாதியில் நின்றது.

புஷ்பவல்லி ஓடினாள். கதவைத் திறந்ததும் இருட்டு முகத்தில் மோதியது. மென்மையாக. உயிரோடு. ஸ்விட்சைத் தேடிய உள்ளங்கையில் ஏதோ நசுங்கியது. மறுபடி. மறுபடி.

வெளிச்சம். மஞ்சள் வெளிச்சம் பட்டால் ஓடிவிடும்.

ஜமக்காளத்தைப் பிடித்து இழுத்தாள். ஆணியோடு வந்தது.

அறை மஞ்சளானது. சரசரப்பு அடங்கியது. ஒன்றுகூட ஓடவில்லை.

அவன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சுவரில். தொட்டில் கம்பியில். வெண்பாவின் நெற்றியில், இமைகளில், கன்னத்தில். நூற்றுக்கணக்கில். சிறகை மடக்கி அப்படியே உட்கார்ந்துவிட்டன. புஷ்பவல்லி கையை நீட்டினாள். தோள்வரை அந்தக் கையும் பழுப்பாக இருந்தது.

வெண்பா அழுவதற்கு வாயைத் திறந்தாள்.

அறையில் மிச்சமிருந்த ஒரே இருட்டு அது.

மடக்கிய சிறகுகளோடு, எல்லாம் ஒன்றாக, அதை நோக்கி நடக்கத் தொடங்கின.