இளகும் பலகை

சவப்பெட்டியின் மூடியில் அறைந்திருந்த ஆணிகளுள் ஒன்று, யாரும் தொடாமலேயே ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

எல்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இராயபுரத்துச் சந்தில் மாலை வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. வாசல் பந்தலில் பெண்கள் ஜெபமாலை சொல்லும் முணுமுணுப்பும், துறைமுகம் நோக்கிப் போகும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வும், மெழுகுவர்த்திப் புகையும், அனைத்துக்கும் அடியில் அழுகிய முட்டைக்கோஸ் போன்றதொரு நாற்றமும் அச்சிறிய அறையை நிறைத்திருந்தன. மரக்கூழ் ஆலையிலிருந்து அவள் கணவன் நோயல் நாள்தோறும் சட்டையில் சுமந்து வந்த நாற்றம் அது.

"மரம் வெறப்பா நிக்குதுல்ல, அதுக்குள்ள லிக்னின்னு ஒரு பசை கீது எல்சி. காஸ்டிக்ல வேக வச்சா கரைஞ்சு கறுப்புத் தண்ணியா வந்துடும். அப்பால மரம் பல்லு போன கெய்விதான். வெறும் நாரு" என்று சொல்லிச் சிரிப்பான். நேற்று மரம் வேகும் அந்தக் காஸ்டிக் கொப்பரைக்குள் அவனே விழுந்துவிட்டான். ஆலையார் பெட்டியை ஆணியடித்தே அனுப்பியிருந்தார்கள்.

மூடுவதற்கு முன் நெற்றியில் முத்தமிட்டு வழியனுப்புவது அவர்கள் வழக்கம். அது மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை.

"அண்ணே, ஒரே ஒரு தபா தொறந்து காட்டுண்ணே."

அவள் அண்ணன் லியோனார்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வேணாம் எல்சிம்மா. ஆலைல நான் பாத்துட்டேன்ல? அத்தோட வுடு."

"அவருதானா?"

"வண்டி வந்துச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று அவன் வெளியேறினான்.

தனித்திருந்த எல்சி மூடியின் மேல் கை வைத்தாள். பாலில் ஊறிய ரொட்டியைப் போல் பலகை அமுங்கியது. அவள் ஐந்து விரல்களின் பள்ளங்களிலும் தேநீர்ச் சாயத்தைப் போன்ற கறுப்பு நீர் மெல்ல ஊறி நிறைந்தது. ஆணி கழன்று தரையில் விழுந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

பள்ளங்கள் மறைந்தன. பலகை வெளுத்தது.

ஏதோ அடியிலிருந்து உந்தியது. ஈரத்துணியைப் போல் மூடி மேலெழுந்து ஒரு முகத்தின் வடிவம் கொண்டது. ஒரு நெற்றி. குத்துச்சண்டையில் வளைந்துபோன அந்த மூக்கு. அவனேதான்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

குனிந்தாள். நெற்றியில் உதடு பதித்தாள். வெதுவெதுப்பு. நார். அழுதாள்.

வெண்பலகையிலிருந்து எலும்பற்ற இரு கைகள் எழுந்து, அவள் பின்தலையை மெல்ல அணைத்து, உள்ளே அழுத்தத் தொடங்கின.